வேலை செய்ய இயலாத முன்னாள் படைவீரர்: ஒரு மனு எங்கெங்கே தவறியது

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் விவகாரத் துறை (இனி வி.ஏ.) வழங்கும் இயலாமை இழப்பீட்டில் பெரும்பகுதி அட்டவணையைப் பார்த்து முடிவாகிறது. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, முதுகு எத்தனை டிகிரி குனிகிறது என்று அளந்து, அதற்கு நேரே உள்ள விழுக்காட்டைக் கொடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகையை நிர்ணயிப்பார்கள். இந்த முறைக்குள் அடங்காத ஒரு பிரிவு, கூட்டாட்சி விதித் தொகுப்பின் 38ஆம் தலைப்பில் (38 சி.எஃப்.ஆர்.) 4.16 என்ற விதியில் இருக்கிறது. சேர்ந்த விழுக்காடு 100ஐ எட்டாவிட்டாலும், படைப்பணியால் வந்த குறைபாடுகளின் காரணமாகவே ஒருவரால் வாழ்க்கைக்குப் போதிய வருமானம் தரும் வேலையில் சேரவோ நிலைக்கவோ முடியவில்லை என்றால், அவருக்கு 100 விழுக்காட்டுக்குரிய தொகையைத் தரலாம் என்று அது சொல்கிறது. அலுவலகப் பேச்சில் இதற்கு டி.டி.ஐ.யு. என்று பெயர்.

பணத்தில் இது சிறிய விஷயமல்ல. 2025ஆம் ஆண்டுக்கான விகிதப்படி, குடும்பத்தினர் யாரும் சேர்க்கப்படாத ஒருவருக்கு 80 விழுக்காட்டில் மாதம் 2,044.89 டாலரும் 100 விழுக்காட்டில் 3,831.30 டாலரும் கிடைத்தன. மாதம் 1,786 டாலர் வித்தியாசம், "இவரால் வேலை செய்ய முடியுமா" என்ற ஒரே கேள்விக்கு ஒரு மதிப்பீட்டாளர் தரும் பதிலைப் பொறுத்திருக்கிறது. அமெரிக்க அரசின் பொறுப்புடைமை அலுவலகம் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013 நிதியாண்டில் இந்தப் பலனைப் பெற்றவர்கள் 3,30,334 பேர். அவர்களில் 1,80,043 பேர் 65 வயதை எட்டியவர்கள்.

இந்த மனுக்களில் பிழை எங்கே நுழைகிறது என்பதை ஒரு கோப்பைக் கொண்டு பார்க்கலாம். இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கோப்பு எந்தத் தனி மனிதருடையதும் அல்ல. விதிகளும் தீர்ப்புகளும் அலுவலக நடைமுறையும் ஒன்றோடொன்று உரசும் இடங்களைக் காட்டுவதற்காக அமைத்துக்கொண்ட மாதிரிக் கோப்பு அது. அதில் வரும் விதிகளும் வழக்குகளும் தொகைகளும் உண்மையானவை.

கோப்பில் இருப்பவை

மனுதாரர் தரைப்படையில் பணியாற்றியவர். 2005இல் ஈராக்கில் அவர் சென்ற வண்டி சாலையோரக் குண்டில் சிக்கியது. 2006இல் பணியிலிருந்து விடுபட்டார். படிப்பு உயர்நிலைப் பள்ளியோடு முடிந்தது. அதன் பிறகு ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி, பின்னர் அங்கேயே மேற்பார்வையாளராக உயர்ந்தார். அந்தக் குண்டுவெடிப்பை அடிப்படையாகக் கொண்டு அவருக்கு ஆறு குறைபாடுகள் ஏற்கப்பட்டுள்ளன: போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்கு 30, ஒற்றைத் தலைவலிக்கு 30, முதுகுக்கு 20, இடது காலில் நரம்பு வலிக்கு 20, வலது முழங்காலுக்கு 20, காதிரைச்சலுக்கு 10.

இவற்றைக் கூட்டினால் 130 வரும். ஆனால் வி.ஏ. அப்படிக் கூட்டுவதில்லை. ஒவ்வொரு குறைபாடும் முந்தையது விட்டுவைத்த மீதித் திறனிலிருந்துதான் கழிக்கப்படும். ஆகவே 30உம் 30உம் சேர்ந்தால் 60 ஆகாது, 51தான். இரண்டு கால்களிலும் பாதிப்பு இருப்பதால் கால்களுக்குரிய இரு 20களைச் சேர்த்து வரும் 36உடன் அதன் பத்தில் ஒரு பங்கை மேலும் கூட்ட வேண்டும். அது 40 ஆகிறது. எல்லாம் சேர்ந்து 79க்கு வந்து நின்று, அருகிலுள்ள பத்துக்குத் திருத்தப்பட்டு 80 ஆகிறது. இந்தக் கணக்கை இப்போது கணினியே செய்துவிடுவதால் இங்கே பிழை அரிது. கோப்பில் நடந்த தவறுகள் எல்லாம் கணினி செய்யாத இடங்களில் நடந்தவை.

2022 நவம்பரில் அவர் கிடங்கு வேலையை விட்டார். 2023 ஜனவரியிலிருந்து மைத்துனரின் டயர் கடையில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்தார். 2023 பிப்ரவரியில் தலைவலிக்கான விழுக்காட்டை உயர்த்தக் கேட்டு மனுச் செய்தார். அதோடு இணைத்த ஒரு பக்க வாக்குமூலத்தின் நான்காவது பத்தியில், தலைவலியும் தூக்கமின்மையும் சேர்ந்துகொண்டதால் கிடங்கில் நிலைக்க முடியவில்லை என்றும், இப்போது உறவினர் கடை என்பதால்தான் ஓட்ட முடிகிறது என்றும் எழுதியிருந்தார். டி.டி.ஐ.யு. என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அதற்கான 21-8940 படிவமும் இல்லை.

நான்காவது பத்தி

2023 ஜூனில் முதல் முடிவு வந்தது. தலைவலி 30 விழுக்காட்டிலேயே தொடரும் என்பதுடன் கடிதம் முடிந்தது. மாதம் ஒருமுறை அளவில் ஆளைப் படுக்கவைக்கும் தலைவலி வந்தால் 30 என்று அட்டவணை சொல்கிறது. பரிசோதனை அறிக்கையும் அதையேதான் சொன்னது. எனவே கேட்ட ஒரே விஷயத்தைப் பொறுத்தவரை முடிவு சரி என்று வாதிடலாம்.

ஆனால் கேட்கப்பட்ட விஷயம் ஒன்றல்ல. 2001இல் ராபர்சன் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றமும், 2009இல் ரைஸ் வழக்கில் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வகுத்த நிலைப்பாட்டின்படி, வேலை செய்ய இயலாமை என்பது தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டாக வேண்டிய மனு அல்ல. விழுக்காட்டை உயர்த்தக் கேட்கும் ஒருவரின் கோப்பில், அந்தக் குறைபாட்டால் வேலை போயிற்று என்பதற்கான சான்று இருந்தாலே, அந்தக் கேள்வி மனுவின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மதிப்பீட்டாளர் செய்திருக்க வேண்டியது எளிது: தலைவலி பற்றிய முடிவை வழங்கிவிட்டு, 21-8940 படிவத்தை அனுப்பி, மற்றதை நிலுவையில் வைத்திருக்க வேண்டும்.

இது ஏன் நடக்கவில்லை என்று கேட்டால், அலட்சியம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது. இன்றைய நடைமுறையில் ஒரு மனு ஒரே அலுவலகத்தில் ஒருவர் மேசையில் தங்குவதில்லை. 2016, 2017 ஆண்டுகளில் நடைமுறைக்கு வந்த தேசியப் பணி வரிசை, ஒரு மாநிலத்தில் வந்த மனுவை இன்னொரு மாநிலத்தில் ஆள் ஓய்வாக இருக்கும் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். மனுவைப் பதிவு செய்பவர் ஒருவர், சான்று சேர்ப்பவர் மற்றொருவர், மதிப்பீடு செய்பவர் மூன்றாமவர். பதிவு செய்தவர் "ஒற்றைத் தலைவலி, உயர்த்தக் கோரிக்கை" என்று ஒரு வரியை ஏற்றிவிட்டார். அதன் பிறகு வந்த எல்லோரும் அந்த வரிக்குத்தான் வேலை பார்த்தார்கள். வாக்குமூலம் மின்கோப்பில் இருந்தது; ஆனால் அதைத் திறந்து நான்காவது பத்தி வரை படிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை.

துல்லியத்தை அளக்கும் முறை இங்கே கவனத்துக்குரியது. வி.ஏ.வில் ஸ்டார் எனப்படும் தரச் சோதனை முறை உண்டு. முடிந்த மனுக்களிலிருந்து மாதிரி எடுத்து, முடிவு சரியா என்று தனிக் குழு பார்க்கும். மனுவை முழுதாக எடுத்துக்கொண்டு ஒரு பிழை இருந்தாலும் மொத்தமும் தவறு என்று எண்ணுவது ஒரு வகை. மனுவுக்குள் இருக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாக எண்ணுவது இன்னொரு வகை. இரண்டாவது வகையில் எண் எப்போதும் அழகாக இருக்கும். கேட்காமலே எழும் கோரிக்கைகள் கவனிக்கப்பட்டனவா என்பதையும் சோதிக்க வேண்டும் என்றாலும், அந்தச் சோதனையாளரும் வாக்குமூலத்தைத் திறந்து படித்தால் மட்டுமே இந்தப் பிழை கண்ணில் படும். எழுதப்பட்ட முடிவில் உள்ள தவறைக் கண்டுபிடிப்பது எளிது. எழுதப்படாமல் போன முடிவைக் கண்டுபிடிக்க முழுக் கோப்பையும் மீண்டும் படிக்க வேண்டும். 2015க்குள் எல்லா மனுக்களையும் 125 நாளுக்குள் 98 விழுக்காடு துல்லியத்துடன் முடிப்பது என்று ஒரு காலத்தில் துறை இலக்கு வைத்திருந்தது. நாள் கணக்கில் யாரும் ஏமாற முடியாது. துல்லியத்தின் கணக்கு எதைத் துல்லியம் என்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

வாசலிலேயே திருப்பி அனுப்புதல்

படைவீரர் சங்கம் ஒன்றின் உதவியாளர் சொல்லி, 2023 அக்டோபரில் 21-8940 படிவத்தையும் மைத்துனரின் கடிதத்தையும் புதிய சான்றாக இணைத்து அவர் துணை மனு தாக்கல் செய்தார். 2024 ஏப்ரலில் மறுப்பு வந்தது. மறுப்புக் கடிதம் மூன்று காரணங்களைச் சொன்னது. முதல் காரணம் தகுதி வரம்பு.

4.16(ஏ) விதியின்படி, ஒரே குறைபாடு இருந்தால் அது 60 விழுக்காடாவது இருக்க வேண்டும். பல இருந்தால் அவற்றில் ஒன்றாவது 40ஆக இருந்து, மொத்தம் 70ஐ எட்ட வேண்டும். இவருக்கு மொத்தம் 80. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் 30ஐத் தாண்டவில்லை. ஆகவே வரம்பு எட்டப்படவில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அதே விதியின் அடுத்த வாக்கியத்தைப் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியாது. ஒரே விபத்திலிருந்து அல்லது ஒரே மூலத்திலிருந்து வந்த குறைபாடுகளை வரம்புக்காக ஒரே குறைபாடாகக் கருத வேண்டும் என்று அது சொல்கிறது. இரு கால்களின் பாதிப்பு, ஒரே உடல் மண்டலத்தின் பாதிப்பு, போர்க்களத்தில் பட்ட பல காயங்கள், போர்க் கைதியாக இருந்தபோது வந்தவை ஆகியவற்றுக்கும் அப்படியே. இந்தக் கோப்பில் ஆறு குறைபாடுகளும் ஒரே குண்டுவெடிப்பிலிருந்து வந்தவை என்பதை 2007இல் வி.ஏ. தானே எழுதி ஏற்றிருக்கிறது. ஆகவே அவை வரம்புக்காக 80 விழுக்காடுள்ள ஒரே குறைபாடு. 60 என்ற வாசல் தாராளமாகத் திறந்திருந்தது.

ஒருவேளை வரம்பு உண்மையிலேயே எட்டப்படவில்லை என்று வைத்துக்கொண்டாலும் மறுப்பு அங்கே முடிந்துவிடக் கூடாது. 4.16(பி) பிரிவு, வரம்பை எட்டாதவர்களையும் வேலை செய்ய இயலாதவர்கள் என்று தோன்றினால் இழப்பீட்டுப் பிரிவின் இயக்குநருக்குப் பரிந்துரைக்கச் சொல்கிறது. கடிதத்தில் அந்தப் பிரிவின் பெயர்கூட வரவில்லை. வரம்பைப் பார்த்தவுடன் கோப்பை மூடுவதுதான் இந்தப் பிரிவில் மிகவும் விலை கொடுக்க வைக்கும் பழக்கம் என்று சொல்வேன். ஏனென்றால், இதற்குப் பிறகு வரும் சான்றுகள் அனைத்தும் ஏற்கெனவே மனத்தில் முடிவான மறுப்புக்குத் துணைநிற்கும் வகையிலேயே படிக்கப்படுகின்றன.

டயர் கடை

இரண்டாவது காரணம், மனுதாரர் வேலையில் இருக்கிறார் என்பது. டயர் கடையில் அவருக்கு மாதம் 1,600 டாலர் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கு 19,200. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை தனி நபருக்கு வகுக்கும் வறுமைக் கோடு 2023இல் 15,000 டாலரைச் சற்றே தாண்டியது. வருமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதை வேலை என்றே கணக்கில் எடுக்கக் கூடாது, பெயரளவு வேலைதான். இவருடையது மேலே இருந்தது. கடிதம் அதோடு நிறுத்திக்கொண்டது.

விதி நிறுத்திக்கொள்ளவில்லை. குடும்பத் தொழில், மாற்றுத்திறனாளிகளுக்கென அமைந்த பணிக்கூடம் போன்ற காக்கப்பட்ட சூழலில் கிடைக்கும் வேலை, வறுமைக் கோட்டுக்கு மேல் வருமானம் தந்தாலும், உண்மை நிலையை ஆராய்ந்து பெயரளவு வேலையாகக் கருதப்படலாம் என்று அது சொல்கிறது. "காக்கப்பட்ட சூழல்" எது என்று வி.ஏ. இன்றுவரை இலக்கணம் சொல்லவில்லை. குடல் நோயுள்ள ஒருவர் தொடர்பான கேன்ட்ரெல் வழக்கில் 2017இல் இது நீதிமன்றத்துக்கு வந்தது. வரையறுக்காமலே இருப்பது துறையின் உரிமை என்றாலும், வரையறை இல்லாத ஒன்று இந்த மனுதாரருக்கு ஏன் பொருந்தவில்லை என்பதை விளக்காமல் மறுக்க முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மைத்துனரின் கடிதம் இரண்டு பக்கம், கையெழுத்தில். தலைவலி வரும் நாளில் அவர் ஸ்டோர் ரூமில், காற்றடைக்கும் கம்ப்ரெஸரை அணைத்துவிட்டு, இருட்டில் படுத்துக்கொள்வார் என்று அதில் இருக்கிறது. வாரம் மூன்று நாள் என்பது பெயருக்குத்தான். சில வாரம் ஒரு நாள்கூட வரமாட்டார், சம்பளம் மட்டும் குறைவதில்லை. ஒருமுறை ஒரு வாடிக்கையாளரின் வண்டியில் சக்கரத்தின் நட்டுகளை முறுக்காமல் விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவரைக் கல்லாவில் மட்டும் உட்கார வைத்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் முதல் மாதமே அனுப்பியிருப்பேன், அக்கா புருஷன் என்பதால் வைத்திருக்கிறேன் என்று முடிகிறது. உண்மை நிலையை ஆராய்வது என்று விதி சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மறுப்புக் கடிதத்தின் சான்றுப் பட்டியலில் இது "உறவினர் கடிதம், பெறப்பட்டது" என்ற ஒரே வரியாக இருக்கிறது. பெறப்பட்டது சரி, படிக்கப்பட்டதற்கு அறிகுறி இல்லை.

கிடங்கிலிருந்து வந்த 21-4192 படிவத்துக்கும் ஏறக்குறைய இதே கதி. முன்னாள் முதலாளியிடம் வேலையின் தன்மை, நேரம், ஊதியம், கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் இழந்த நாட்கள், உடல்நிலைக்காகக் கொடுத்த சலுகைகள், வேலை முடிந்த காரணம் ஆகியவற்றைக் கேட்கும் படிவம் அது. காரணம் என்ற இடத்தில் "தாமாக விலகினார்" என்று இரண்டே சொல். மதிப்பீட்டாளர் அதை எடுத்துக்கொண்டார். அதற்கு இரண்டு கட்டம் மேலே, சலுகைகள் என்ற இடத்தில், தரையில் நிற்கும் வேலையிலிருந்து மேசைக்கு மாற்றப்பட்டார் என்றும், விடுப்பு வரம்பு கண்டுகொள்ளப்படவில்லை என்றும் எழுதியிருந்தது. உடல்நிலைக்காகத் தனிச் சலுகை தரப்பட்ட வேலை முடிவுக்கு வரும்போது அந்த நபரை வேலை செய்ய இயலாதவராகக் கருதலாம் என்று 4.18 விதி சொல்வது இப்படிப்பட்ட நிலைக்காகவே. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவுகள் வழக்குக்குப் பயந்து "தாமாக விலகினார்" என்றுதான் எழுதும். அந்தச் சொல்லுக்கு இந்த அளவு எடை கொடுப்பவர் அப்படிவங்கள் எப்படி நிரப்பப்படுகின்றன என்பதை மறந்தவர்.

உட்கார்ந்து செய்யும் வேலை

மூன்றாவது காரணம்தான் இந்தப் பிரிவின் நடுமையம். "மனுதாரர் உட்கார்ந்து செய்யும் வேலையைச் செய்ய முடியும்" என்று கடிதம் சொல்லியது. இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது?

ஒப்பந்த நிறுவனம் அனுப்பிய நான்கு மருத்துவர்கள் நான்கு நாட்களில் பார்த்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு வினாநிரல். ஒவ்வொன்றின் கடைசியிலும் "இந்த நிலை வேலைத்திறனைப் பாதிக்கிறதா" என்று ஒரு கட்டம். முதுகைப் பார்த்தவர், எடை தூக்கக் கூடாது, உட்கார்ந்த வேலை செய்யலாம் என்றார். காலைப் பார்த்தவர், நீண்ட நேரம் நிற்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்றார். தலைவலியைப் பார்த்தவர், தலைவலி வரும்போது படுத்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரம் தடையில்லை என்றார். மனநலம் பார்த்தவர், அவ்வப்போது செயல்திறன் குறையும் என்ற 30 விழுக்காட்டுக்கான வாசகத்தைக் குறித்தார். அறிக்கையின் உள்ளே, ஒருவர் சொன்னதைச் சில நிமிடங்களுக்குப் பின் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்பதும் இருந்தது.

ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம். முதுகு மட்டும் இருந்தால் உட்கார்ந்த வேலை சாத்தியம்தான். ஆனால் அரை மணிக்கு ஒருமுறை எழ வேண்டிய, எப்போது தலைவலி வந்து அறைக்குள் போய்ப் படுப்பார் என்று தெரியாத, சொன்னதை மறந்துவிடுகிற ஒருவரை எந்த மேசைக்கு முன் உட்கார வைப்பது என்று நால்வரில் ஒருவரிடமும் கேட்கப்படவில்லை. கேட்கத் தேவையுமில்லை என்பதுதான் இங்கே பலர் தவறவிடும் நுணுக்கம். 2013இல் கெய்ப் வழக்கில் ஃபெடரல் சர்க்யூட் சொன்னது, எல்லாக் குறைபாடுகளின் கூட்டு விளைவைப் பற்றி ஒரே மருத்துவரின் கருத்தை வி.ஏ. பெற்றே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஏனென்றால் வேலை செய்ய முடியுமா என்ற முடிவு மருத்துவருடையது அல்ல, மதிப்பீட்டாளருடையது என்பதே. இந்தத் தீர்ப்பை வி.ஏ.வுக்குச் சாதகமானது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது மதிப்பீட்டாளரின் தலையில் முழுப் பொறுப்பையும் வைத்த தீர்ப்பாகவே படுகிறது. நான்கு துண்டுகளை ஒரு மனிதராகச் சேர்த்துப் பார்க்கும் வேலை வேறு யாருடையதும் இல்லை என்றால், அதைச் செய்யாமல் ஒரு துண்டிலிருந்த வாக்கியத்தை மட்டும் எடுத்து ஒட்டுவது முடிவே அல்ல.

எதைச் சேர்த்துப் பார்ப்பது என்பதற்கும் இப்போது வழிகாட்டல் இருக்கிறது. 2019இல் ரே வழக்கில் நீதிமன்றம், துறை விளக்காமல் விட்டிருந்த தொடரைப் பிரித்துக் காட்டியது. வருமானம் வறுமைக் கோட்டைத் தாண்டுகிறதா என்பது ஒரு பக்கம். மறுபக்கத்தில் அவருடைய வேலை வரலாறு, படிப்பு, பயிற்சி; தூக்குவது, குனிவது, உட்காருவது, நிற்பது, நடப்பது, பிடிப்பது, தட்டச்சு செய்வது, கேட்பது, பார்ப்பது போன்ற உடல் திறன்; நினைவு, கவனம், மாற்றத்துக்கு ஏற்பத் தகவமைத்தல், பணியழுத்தத்தைத் தாங்குதல், உடன் வேலை செய்பவர்களோடு ஒத்துப்போதல், நம்பகமாக வேலைக்கு வருதல் போன்ற மனத் திறன். எல்லாவற்றையும் ஒவ்வொரு கடிதத்திலும் எழுத வேண்டியதில்லை. கோப்பில் எவை எழுகின்றனவோ அவற்றை எழுத வேண்டும். இந்தக் கோப்பில் எழுந்தவை உட்காருவது, நினைவு, நம்பகத்தன்மை மூன்றும். "உட்கார்ந்து செய்யும் வேலை" என்ற தொடர் மூன்றையும் மூடி மறைத்துவிட்டது. உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு கிடங்கில் வளர்ந்தவருக்கு எந்த உட்கார்ந்த வேலை கிடைக்கும் என்பதும் அதில் இல்லை. குறைபாடு வேலையைத் தடுக்கவில்லை என்று சொல்ல ஊகம் போதாது, சான்று வேண்டும் என்று 1994லேயே பீட்டி வழக்கில் சொல்லப்பட்டுவிட்டது.

கடிதத்தின் ஓரத்தில் இன்னொரு சொற்றொடரும் இருந்தது: மனுதாரரின் 57 வயதும் நீரிழிவும் அவருடைய வேலைத்திறனுக்குத் தடையாக இருக்கக்கூடும். நீரிழிவு படைப்பணியால் வந்ததல்ல. 4.19 விதி வயதையும், 4.16 படைப்பணி சாராத நோய்களையும் கணக்கிலிருந்து அகற்றச் சொல்கின்றன. இது இரு பக்கமும் வெட்டும். வயதானவர் என்பதற்காகக் கொடுக்கவும் கூடாது, மறுக்கவும் கூடாது. பொதுமக்களுக்கு இது எளிதில் ஏறாத விதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013 கணக்கில் 90 வயதை எட்டிய 10,567 பேர் இந்தப் பலனைப் பெற்றார்கள் என்று பொறுப்புடைமை அலுவலகம் சொன்னபோது எழுந்த கேள்விகள் நியாயமானவை. 2017இல் ஓய்வூதிய வயதினருக்கு இதை நிறுத்தலாம் என்று வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு யோசனை வந்து, படைவீரர் சங்கங்களின் எதிர்ப்பில் அப்போதைய செயலர் டேவிட் ஷுல்கின் பின்வாங்கினார். கொள்கை எப்படியும் மாறட்டும்; விதி மாறாதவரை மதிப்பீட்டாளர் வயதைக் கையில் எடுக்க முடியாது. வயதின் விளைவையும் குறைபாட்டின் விளைவையும் எப்படிப் பிரிப்பது என்பதில் வழிகாட்டல் போதவில்லை என்பதே அந்த 2015 ஆய்வின் முக்கியக் குறைகளில் ஒன்று.

கொடுத்த பிறகும் தவறு

2024 ஆகஸ்டில் மனுதாரர் உயர்நிலை மறுபரிசீலனை கேட்டார். மூத்த மதிப்பீட்டாளர் புதிய சான்று இல்லாமல் அதே கோப்பை மறுபடி படிக்கும் வழி அது. அவர் வரம்புப் பிழையைக் கண்டார், மைத்துனரின் கடிதத்தைக் கண்டார். மனநலப் பரிசோதனை அறிக்கையின் உள்ளடக்கமும் அதன் முடிவும் ஒத்துப்போகாததைக் கண்டு, சான்று சேர்ப்பதில் மனுதாரருக்கு வி.ஏ. உதவும் கடமையில் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். புதிய பரிசோதனையில் மன அழுத்த நோய் 70 விழுக்காடு என்று வந்தது. 2025 ஜனவரியில் டி.டி.ஐ.யு. வழங்கப்பட்டது. கடிதத்தில் "முழுப் பலன் வழங்கப்பட்டது" என்று இருந்தது. அதில் இரண்டு தவறுகள் இருந்தன.

ஒன்று தேதி. 8940 படிவம் வந்த 2023 அக்டோபரையே தொடக்கமாக வைத்தார்கள். ஆனால் இந்தக் கேள்வி 2023 பிப்ரவரி மனுவிலேயே எழுந்துவிட்டது. முதல் முடிவு வந்து ஓராண்டுக்குள் துணை மனு வந்ததால் அந்தத் தேதி உயிரோடு இருக்கிறது. மேலும், நிலை மோசமானது மனுவுக்கு முந்தைய ஓராண்டுக்குள் என்று உண்மையாக அறிய முடிந்தால் அந்த நாளுக்கே போகலாம் என்று 3.400 விதி சொல்கிறது. அவர் கிடங்கை விட்ட 2022 நவம்பர் அந்த எல்லைக்குள் வருகிறது. பணம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து தொடங்கும். 2022 டிசம்பரிலிருந்து 2023 அக்டோபர் வரை பதினொரு மாதத்துக்கு அப்போதைய விகிதத்தில் மாதம் 1,688.80 டாலர் வித்தியாசம், மொத்தம் 18,576.80 டாலர். படிவத்தின் மேல் குத்திய தேதி முத்திரையைப் பார்த்து எழுதியதன் விலை இது.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. 2008 பிராட்லி வழக்குக்குப் பிறகு, ஒரே ஒரு குறைபாட்டின் காரணமாகவே டி.டி.ஐ.யு. கிடைக்கக்கூடியவராக ஒருவர் இருந்து, மற்ற குறைபாடுகள் தனியே 60 விழுக்காட்டை எட்டினால், அவருக்கு எஸ் நிலைச் சிறப்பு உதவித்தொகை உண்டு. 2025 விகிதத்தில் அது 4,288.45 டாலர், 100 விழுக்காட்டைவிட மாதம் 457.15 டாலர் அதிகம். மன அழுத்த நோய் 70 ஆன பிறகு, அது மட்டுமே அவரை வேலையிலிருந்து விலக்கிவைக்கப் போதுமா என்று யாரும் கேட்கவில்லை. மீதி உள்ளவை, அதாவது கால்களுக்கு 40, தலைவலிக்கு 30, முதுகுக்கு 20, காதிரைச்சலுக்கு 10, சேர்த்தால் 69க்கு வந்து 70 ஆகின்றன. வாசல் மறுபடியும் திறந்திருந்தது. இங்கே வேடிக்கை என்னவென்றால், ஒரே விபத்துக்குரியவற்றை ஒன்றாக எண்ணும் சலுகை 4.16இன் வரம்புக்கு மட்டும்தான். எஸ் நிலைக்கு அது செல்லாது, உண்மையாகவே ஒரே குறைபாடு வேண்டும். ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து டி.டி.ஐ.யு. கொடுத்ததால் மனுதாரருக்கு மேலே இருந்த படி அடைபட்டது. தாராளமாகத் தோன்றும் முடிவும் பிழையாக இருக்க முடியும். அதை மனுதாரர் மேல்முறையீடு செய்வதும் அரிது, ஏனென்றால் கேட்டது கிடைத்துவிட்டது என்றே அவர் நினைப்பார்.

எதிர்த் திசையிலும் பிழை உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2015 ஆய்வின் காலத்தில், வருமானம் பற்றி மனுதாரர் சொல்வதையே வி.ஏ. நம்பியிருந்தது. வரித்துறைத் தகவலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் 2012இல் நிறுத்தப்பட்டது என்றும், அதற்கு மாற்று வேண்டும் என்றும் அதே 2015 ஆய்வு சொன்னது. இந்தக் கோப்பிலும் டயர் கடையின் 1,600 டாலர் மைத்துனர் சொன்னதுதான்; ஊதியச் சீட்டு ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. மறுக்கும்போது அந்தத் தொகையைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டவர்கள், கொடுக்கும்போதும் கேள்வியின்றியே ஏற்றுக்கொண்டார்கள்.

தற்போது கோப்பில் நிலுவையில் இருப்பவை மூன்று. தேதிக்கும் எஸ் நிலைக்குமான மறுபரிசீலனை மனு ஒன்று. இந்த முழு இயலாமை நிரந்தரமானதா என்பது இரண்டாவது. நிரந்தரம் என்று முடிவானால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கல்வி உதவி கிடைக்கும், ஆனால் 2025 ஜனவரிக் கடிதம் அதைப் பற்றி ஆம் என்றோ இல்லை என்றோ ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது டயர் கடை: அவர் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். வேலையில் சேர்ந்தார் என்பதற்காக மட்டும் இந்தப் பலனைக் குறைக்க முடியாது. நிலையான வருமானம் தரும் வேலையில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் இருந்தால்தான் அந்தப் பேச்சே எழும். அந்தக் கடை காக்கப்பட்ட சூழல் என்று 2025 ஜனவரி முடிவில் தெளிவாக எழுதப்படாததால், அடுத்து கோப்பைத் திறப்பவர் அதை மறுபடியும் வேலை என்று எண்ணுவதற்கு இடம் அப்படியே இருக்கிறது. மறுபரிசீலனை மனுவில் அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவாங்குவதும் சேர்க்கப்பட வேண்டும்.